டி-ஷர்ட்டும் சர்க்யூட்டின் பாகம்தான்

ஏற்றுமதிக்குப் போகும் பனியனின் ஹேங் டேக்கை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விலையும் பார்கோடும் அச்சான அட்டைக்குள் நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு நிழல் தெரிந்தால், அதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. டேக். நிழலின் நடுவே சின்னதாக ஒரு வளையம். வளையத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு கரும்புள்ளி. நெளிவுகள்தான் ஆண்டெனா. புள்ளி, சிப். அதன் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. ஆனாலும் முழுமையான ஒரு மைக்ரோவேவ் சர்க்யூட் அந்த அட்டைக்குள் இருக்கிறது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சரக்கு வாங்கும் பெரிய பிராண்டுகளில் சில, இந்த டேக்கை இங்கேயே, பேக்கிங் செக்‌ஷனிலேயே மாட்டி அனுப்பச் சொல்கின்றன. அப்போதுதான் அங்கே கிடங்கில் கார்ட்டனைப் பிரிக்காமலே உள்ளே எத்தனை பீஸ், என்ன சைஸ், என்ன கலர் என்று எண்ண முடியும். டெக்கத்லான், யுனிக்லோ கடைகளில் துணிகளை மொத்தமாகப் பெட்டியில் போட்டதும் பில் தானாக வருவதும் இதனால்தான். விஜயமங்கலம் டோல்கேட்டில் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வேலை செய்வதும் இதே முறையில், இதே அலைவரிசையில்.

இந்த டேக் சில நேரம் படிக்கும், சில நேரம் படிக்காது. டேக் கெட்டுவிட்டது, அலை அனுப்பி அதைப் படிக்கும் ரீடர் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பல நேரங்களில் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். இந்த அலைவரிசையில் சர்க்யூட் என்பது அலுமினியக் கோட்டோடு முடிந்துவிடுவதில்லை. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணி, துணியில் உள்ள ஈரம், பக்கத்து டேக், மேஜையின் தகடு எல்லாமே அதன் உதிரிபாகங்கள். இதை ஏற்றுக்கொள்கிறவருக்குப் பழுது பார்ப்பது பாதி வேலையாகிவிடும்.

ஒரு சென்டிமீட்டர் கம்பி

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். குமரியிலிருந்து காஷ்மீர் வரை கம்பி இழுத்தாலும் அலைநீளத்தில் பாதிக்கு மேல் போகாது. அதனால் வீட்டுக்குள் ஓடும் கம்பியின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் கம்பியை வெறும் கம்பியாக மட்டும் பார்ப்பது அங்கே சரிதான்.

ஆர்.எஃப்.ஐ.டி.க்கு இந்தியா 2005-இல் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்ட அலைவரிசை 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். 2021-இல் அது 868 வரை நீட்டப்பட்டது. 866 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 86.6 கோடி சுற்று. அலைநீளம் 34.6 சென்டிமீட்டர்தான். ஏழெட்டு சென்டிமீட்டர் நீள டேக்கே அலையின் கால்பங்கை நெருங்கிவிடுகிறது. அதன் ஒரு முனையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு நிலை இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் மெல்லிய கம்பிக்குச் சுமார் 10 நானோஹென்றி தூண்டல் உண்டு. 50 ஹெர்ட்ஸில் அது காட்டும் தடுப்பு, ஒரு ஓமில் 10 லட்சத்தில் 3 பங்கு. யாரும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 866 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி 54 ஓம் காட்டும். கம்பி அப்போது காயில் ஆகிவிடுகிறது. எதிர்ப்பக்கம், இரண்டு உலோகத் துண்டுகள் அருகருகே இருப்பதாலேயே வரும் ஒரு பிகோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அது 300 கோடி ஓமுக்கு மேல். திறந்த சர்க்யூட் என்றே சொல்லிவிடலாம். 866 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 184 ஓம். இடைவெளி வழியாகவே மின்னோட்டம் நடந்து போகும்.

மின்னோட்டம் உலோகத்தின் உட்புறத்தையும் விட்டுவிடுகிறது. இந்த வேகத்தில் அலுமினியத்தின் மேல்தோலில் ஏறக்குறைய 3 மைக்ரான் ஆழத்துக்குத்தான் ஓட்டம். அதனால்தான் 10 மைக்ரான் தடிமன் அலுமினியத்தாளில் ஆண்டெனா செய்ய முடிகிறது. அதைவிடத் தடிமனாகப் போட்டால் செலவுதான் கூடும், பயன் கூடாது.

இனி டேக்கின் நடுவில் உள்ள வளையத்தைக் கவனிக்கலாம். சிப்பின் வாயில் ஒரு பிகோஃபாரட் அளவுக்குக் கெப்பாசிட்டர் இயல்பாகவே இருக்கிறது. ஆண்டெனாவை அப்படியே அதில் ஒட்டினால் வரும் சக்தியில் பெரும்பகுதி சிப்புக்குள் நுழையாமல் திரும்பிப் போய்விடும். அந்த 184 ஓம் கெப்பாசிட்டரைச் சரிக்கட்ட அதே அளவு, எதிர்க்குணமுள்ள காயில் வேண்டும். 34 நானோஹென்றி. நடு வளையம் அந்தக் காயில்தான். அதன் நீள அகலத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலும் டேக் பொருந்தும் அலைவரிசை நகர்ந்துவிடும். நெளிவுகளின் வேலை வேறு: 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய அரை அலை ஆண்டெனாவை மடித்து மடித்து லேபிள் அளவுக்குள் அடக்குவது.

மைக்ரோவாட் கணக்கு

பேட்டரி இல்லாத டேக்குக்கு ரீடர் அனுப்பும் அலைதான் சக்தி. சட்டப்படி ரீடர் 1 வாட் வரை அனுப்பலாம். ஆண்டெனா ஒரு திசையில் குவிப்பதையும் சேர்த்தால் 4 வாட் வரை. அந்த 4 வாட் 5 மீட்டர் தள்ளிப் போகும்போது 314 சதுர மீட்டர் கோளப்பரப்பில் விரிந்துவிட்டிருக்கும். சரியாகப் பொருந்திய அரை அலை ஆண்டெனா ஒரு போஸ்ட் கார்டு அளவுப் பரப்பில் விழுவதைப் பிடித்துக்கொள்ளும். கிடைப்பது சுமார் 200 மைக்ரோவாட். இன்றைய நல்ல சிப் விழித்துக்கொள்ள 5 முதல் 10 மைக்ரோவாட் போதும். கையில் 20 மடங்கு உபரி இருப்பதுபோல் தோன்றும்.

அந்த உபரி கரையும் விதம் சுவாரசியமானது. டேக் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் படிக்க வேண்டும் என்று ரீடர் ஆண்டெனாவைச் சுழல் முனைவாக்கத்தில் வைப்பார்கள். அதற்கு விலை பாதி. 200, 100 ஆகிறது. ஆண்டெனாவை மடித்ததில், அலுமினியத்தின் தடையில் இன்னொரு பாதி போகலாம். 50. சிப்போடு பொருத்தம் கொஞ்சம் பிசகினால் 25. டேக் சற்றே சாய்ந்திருந்தால் 12. அதற்கு மேல் ஒரு பாதி போனால் 6 மைக்ரோவாட். சிப் விழிக்குமா தூங்குமா என்ற எல்லைக்கோடு. ஆர்.எஃப். பொறியாளர்கள் ஒவ்வொரு பாதியையும் 3 டெசிபெல் என்பார்கள். பழுது பார்ப்பது என்பது, எங்கே எந்த 3 டெசிபெல் போயிற்று என்று தேடுவதுதான்.

சிப் விழித்த பிறகு பதில் சொல்ல வேண்டும். சொந்தமாக அலை அனுப்ப அதனிடம் சக்தி கிடையாது. ஆண்டெனாவுக்குக் குறுக்கே ஒரு ஸ்விட்ச்சைத் திறந்து மூடுகிறது. மூடினால் ஒரு விதமாக, திறந்தால் வேறு விதமாக ரீடரின் அலை எதிரொளிக்கும். வெயிலில் கைக்கண்ணாடியை ஆட்டித் தூரத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டுவது மாதிரி. எதிரொளிக்கும் சக்தியைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்ற யோசனையை 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் ஓர் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார். ஆனால் அரை மில்லிமீட்டர் சிப் அப்போது இல்லை. 1999-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆட்டோ-ஐ.டி. மையத்தில் கெவின் ஆஷ்டன், சஞ்சய் சர்மா, டேவிட் பிராக் ஆகியோர் கடைச்சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்ற திட்டத்தோடு இறங்கிய பின்னரே யோசனை கடைவாசல் வரை வந்தது.

ரீடரின் பக்கத்துச் சிரமமும் சாதாரணமில்லை. ஒரு வாட்டை அனுப்பிக்கொண்டே, அதே நேரத்தில், அதே அலைவரிசையில், அதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் திரும்பி வரும் எதிரொலியையும் அது கேட்க வேண்டும்.

துணி உள்ளே வருகிறது

டேக்கைக் காற்றில் தொங்கவிட்டு வடிவமைத்தால் துணியில் ஒட்டியதும் அதன் குணம் மாறிவிடும். மின்புலம் அலுமினியக் கோடுகளுக்குள் அடங்கியிருப்பதில்லை. இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வரை வெளியே படர்ந்திருக்கும். அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் பருத்தி வந்தால் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். டேக் பொருந்தும் அலைவரிசை கீழே இறங்கும். அதனால் வடிவமைப்பவர் முன்கூட்டியே சற்று மேலே வைத்து, துணியில் ஒட்டியதும் சரியான இடத்துக்கு இறங்கட்டும் என்று விடுவார். ஃபாஸ்டேக்கும் இப்படித்தான், கார்க் கண்ணாடியைக் கணக்கில் சேர்த்துச் செய்தது. கையில் பிடித்துக் காட்டினால் சரியாகப் படிக்காமல் அடம்பிடிப்பது அதனால்தான்.

துணியைவிடப் பெரிய ஆள் அதில் உள்ள ஈரம். 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். 150 கிராம் பருத்தி டி-ஷர்ட்டில் ஏறக்குறைய 12 கிராம் தண்ணீர். 48 பீஸ் கார்ட்டன் என்றால் அரை லிட்டருக்கு மேல். காய்ந்த துணி என்று நாம் நினைப்பதற்குள் இவ்வளவு. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80-ஐ ஒட்டியது, காற்றுக்கு 1. இழையோடு இறுகப் பிணைந்த தண்ணீர் மூலக்கூறுகள் சுதந்திரமாகத் திரும்ப முடியாததால் அவற்றால் தொல்லை குறைவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிராமும்தான் டேக்கைக் கீழே இழுக்கும், அலையையும் குடிக்கும். ஸ்டீம் அயர்ன் போட்ட சூடு ஆறுவதற்குள் பாலி பேக்கில் போட்டுச் சீல் செய்த பீஸ், ஆறவிட்டுப் போட்ட பீஸைவிட மோசமாகப் படிப்பது இதனால்தான்.

இதே தண்ணீரின் இதே குணத்தை லாபமாக்கும் இயந்திரமும் இந்த வட்டாரத்தில் உண்டு. நூலைக் கோனாகவே சாயமேற்றும் ஆலைகளில் ஓடும் ஆர்.எஃப். டிரையர், 27.12 மெகாஹெர்ட்ஸ் மின்புலத்தில் ஈரக் கோன்களை ஓட்டுகிறது. நொடிக்கு 2.7 கோடி முறை புலம் மாறும்போது ஈரத்தில் உள்ள மூலக்கூறுகளும் உப்பு அயனிகளும் அதன் பின்னால் அலைந்து சூடாகின்றன. கோனின் வெளிப்புறம் கருகாமல் உள்மையம் வரை காய்கிறது. ஈரம் அதிகமான இடம் அதிகச் சக்தியை இழுத்துக்கொள்ளும். காய்ந்த இடம் தானாக விட்டுக்கொடுக்கும். டிரையரில் வரம், டேக்கில் சாபம்.

உலோகத்தின் கதை இன்னும் கறாரானது. ஃபாயில் பிரிண்டின் மினுமினுப்பு பெரும்பாலும் அலுமினியப் பூச்சு. ஜிப், மெட்டல் பட்டன், ஜரிகை கலந்த நூல் எல்லாம் உண்டு. உலோகப் பரப்பை ஒட்டி அதற்கு இணையான மின்புலம் நிற்க முடியாது. டேக் அதன்மேல் படுத்தால் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே நிலைமை மாறிவிடும்.

48-இல் 45

"ஏனுங்ண்ணா, பொட்டியில 48 போட்டிருக்குது, மிசின் 45-னுதான் காட்டுதுங்க." பேக்கிங் செக்‌ஷனில் கேட்கும் புகார் இப்படித்தான் ஆரம்பிக்கும். தேடலை எங்கே தொடங்குவது?

டேக்குகள் ஒன்றின்மேல் ஒன்று பேசிக் குழப்பிவிட்டனவோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். அதற்குத் தரநிர்ணயத்திலேயே வழி இருக்கிறது. ரீடர் ஓர் எல்லையைச் சொல்லும். ஒவ்வொரு டேக்கும் அதற்குள் ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, தன் முறை வரும்போது மட்டும் பேசும். மோதினால் மறுபடியும் வேறு எண். 1970-களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் தீவுகளை ரேடியோவில் இணைத்த அலோஹா முறையின் வழித்தோன்றல் இது. 48 டேக் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. விட்டுப்போன மூன்றுக்குக் காரணம் பெரும்பாலும் சக்திக் கணக்கில்தான் இருக்கும்.

ரீடர் பக்கத்தை முதலில் பார்ப்பது எளிது. ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள் என்ன ரகம்? மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளை 6 மீட்டர் இழுத்திருந்தால் அதிலேயே ஒரு 3 டெசிபெல், அதாவது பாதி, சூடாகிப் போய்விட்டது. தடித்த, இழப்புக் குறைந்த கேபிளில் அதே நீளத்துக்கு ஒரு டெசிபெல்கூடப் போகாது. கனெக்டரைக் கையால் தொட்டு ஆட்டிப் பாருங்கள். அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் அனுப்பிய அலையில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி ரீடரின் காதுக்குள் புகும். மெல்லிய எதிரொலி அதில் மூழ்கிவிடும்.

அடுத்தது, பெட்டி இருக்கும் இடம். எஸ்.எஸ். மேஜையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பி அனுப்பும். போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அத்தகைய வெற்றிடங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்று, அதாவது 17 சென்டிமீட்டருக்கு ஒன்று. வெற்றிடத்தில் மாட்டிய டேக் எவ்வளவு நல்லதானாலும் பேசாது. பெட்டியை 8, 9 சென்டிமீட்டர் நகர்த்தினால் உயிர் வந்துவிடும். கன்வேயரில் பெட்டியை ஓடவிட்டே படிப்பதன் காரணமும் இதுதான்: ஓடும்போது எந்த டேக்கும் ஒரே வெற்றிடத்தில் தங்காது. பவரைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் பக்கத்து மேஜைப் பெட்டியும் சேர்ந்து படித்து 45 என்பது 52 ஆகிவிடும்.

பிறகு மடிப்பு. ஒரே மாதிரி மடித்து ஒரே இடத்தில் டேக் வரும்படி அடுக்கினால் டேக்குகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் உட்காரும். ஒன்றின் காயிலும் இன்னொன்றின் காயிலும் பிணைந்து இரண்டின் அலைவரிசையும் விலகும். அடுக்கில் ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டால் போதும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கடைசியாக டேக். விட்டுப்போன பீஸை வெளியே எடுத்து, ரீடர் ஆண்டெனாவில் ஒட்ட வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் படிக்கிறது, ஒரு மீட்டர் தள்ளினால் இல்லை என்றால் சிப்பும் நடு வளையமும் உயிரோடு இருக்கின்றன. நெளிவுக் கைகளில்தான் பழுது. ஹேங் டேக் மாட்டும் பிளாஸ்டிக் பின்னோ, லேபிளைத் தைத்த ஊசியோ அலுமினியக் கோட்டை அறுத்திருக்கும். ஒட்டியும் படிக்கவில்லை என்றால் சிப் போயிற்று, அல்லது சிப்பை ஆண்டெனாவோடு பிணைக்கும் கடத்தும் பசை விட்டுவிட்டது. அயர்ன் பாக்ஸின் சூடும் அழுத்தமும் அதற்குப் போதும்.

கம்பி இல்லாததை அளப்பது

மைக்ரோவேவ் சர்க்யூட்டை மல்டிமீட்டர் வைத்து அளக்க முடியாது. மீட்டரின் கம்பியே சர்க்யூட்டின் பாகமாகிவிடும். இங்கே அளப்பது, அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வந்தது, எந்தக் கட்டத்தில் வந்தது என்பதை. அதைச் செய்யும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் ஒரு காலத்தில் பெரிய ஆய்வகங்களின் சொத்து. இப்போது நானோவி.என்.ஏ. என்ற கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேபிள், கனெக்டர், ரீடர் ஆண்டெனா மூன்றையும் சோதிக்க அது தாராளம். அதன் திரையில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும் வரைபடம், பெல் ஆய்வகத்தின் பிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்டது. புள்ளி மையத்தில் நின்றால் பொருத்தம் முழுமை. மேலே போனால் காயில் மிகுதி, கீழே போனால் கெப்பாசிட்டர் மிகுதி. எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதைப் படமே சொல்லிவிடும்.

டேக்கை அளக்க அது போதாது. கனெக்டர் மாட்ட இடமில்லை. சிப்பின் தடுப்பும் அதற்குள் போகும் சக்தியைப் பொறுத்து மாறும், தூங்கும் சிப்புக்கு ஒன்று, விழித்த சிப்புக்கு இன்னொன்று. அதனால் டேக்கிடமே கேட்க வேண்டும். தூரத்தை நிலையாக வைத்து, 800 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அலைவரிசையிலும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எப்போது டேக் முதல் பதில் தருகிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். கிடைக்கும் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். அதுதான் டேக்கின் சொந்த அலைவரிசை. வெறும் டேக்குக்கு ஒரு கோடு, பருத்தியில் வைத்து ஒரு கோடு, ஈரப் பருத்தியில் ஒரு கோடு போட்டால், பள்ளம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். சென்னைத் தரமணியில் இருக்கும் சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில் இத்தகைய அளவீட்டுக்கான அலை உறிஞ்சும் அறைகள் உண்டு.

இங்கே 866, அங்கே 915

இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்தும் அலைவரிசை ஏறக்குறைய ஒன்று. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்கா போகும் கார்ட்டன், இங்கே 866-இல் சோதிக்கப்பட்டு அங்கே 915-இல் படிக்கப்படும். டேக்கின் பள்ளம் அகலமாக இருந்தால் இரண்டையும் சமாளிக்கும். நீண்ட தூரம் படிக்கிறதே என்று பள்ளம் ஒடுங்கிய டேக்கைத் தேர்ந்தால், திருப்பூரில் 48-க்கு 48 காட்டிய அதே பெட்டி, கடல் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு பள்ளம் இன்னும் கீழே இறங்கி, அங்கே வாய் திறக்காமல் போகலாம். இங்கு கிடைத்த பாஸ், அங்குள்ள பாஸுக்கு உத்தரவாதம் ஆகாது.

துணிக்கு ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாய உறுதி எல்லாம் பல்க் ஆர்டருக்கு முன்னால் சோதித்துத் தள்ளுவது திருப்பூருக்குப் பழகிய வேலை. டேக்கையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். சாம்பிள் அப்ரூவலின்போதே உண்மையான துணியில், உண்மையான மடிப்பில், கார்ட்டன் நிரம்ப அடுக்கி, காய்ந்த நிலையிலும் ஈரம் ஏறிய நிலையிலும், 866-லும் 915-லும் அளந்து வாங்க வேண்டும். ஃபாயில் பிரிண்ட் எங்கே வருகிறது என்று தெரியாமல் டேக் இருக்கும் இடத்தை மெர்ச்சண்டைசர் முடிவு செய்யக் கூடாது. பிரிண்டிங், அயர்னிங், பேக்கிங் மூன்று செக்‌ஷனும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. அந்த மூன்று பேரும் தங்களை அறியாமலே ஒரு மைக்ரோவேவ் சர்க்யூட்டை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறிந்து செய்தால் ரிஜெக்ஷன் குறையும்.